‘ஐட்டம் ஒன்றுக்கு எவ்வளவு?’ என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

மறுபடியும் அதே அட்டவணை. இடப்பக்கம் சர்ஜரியில் (இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கு அதுதான் பெயர்) உள்ள ஜிபிக்களின், அதாவது குடும்ப மருத்துவர்களின், பெயர்கள். அடுத்து ஒவ்வொருவர் பெயரிலும் போன மருந்துகளின் மொத்தச் செலவு. அதற்கும் அடுத்து ‘ஐட்டம் ஒன்றுக்குச் சராசரிச் செலவு’. அதில் யார் மேலே இருக்கிறாரோ அவர் பெயருக்குச் சிவப்புச் சாயம். இதை மாதக் கூட்டத்தில் திரையில் போட்டுவிட்டு, “டாக்டர், நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்” என்று சொல்வது. இங்கிலாந்தின் ஜிபி சர்ஜரிகளில் மேனேஜராக, பார்மசிஸ்டாக, பார்ட்னராக (சர்ஜரியில் பங்குள்ள ஜிபி) வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கும் இந்த அட்டவணை பழக்கமானதுதான். சிலருக்கு அதைத் தயாரிக்கும் வேலையே தலையில் விழுந்திருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்ப்போம்.

என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) தரவில் ‘ஐட்டம்’ என்பது மருந்துச்சீட்டில் உள்ள ஒரு வரி. அவ்வளவுதான். அதில் 7 மாத்திரை இருந்தாலும் ஒரு ஐட்டம், 168 மாத்திரை இருந்தாலும் ஒரு ஐட்டம். தினம் ஒரு மாத்திரை சாப்பிடும் நோயாளி ஒருவர் இருக்கிறார், 28 மாத்திரை ஒரு பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டாக்டர் 28 நாளைக்கு ஒரு முறை எழுதுகிறார். 56 நாளில் இரண்டு ஐட்டம், செலவு இரண்டு பவுண்டு, சராசரி ஒரு பவுண்டு. இரண்டாம் டாக்டர் ஒரே தடவையில் 56 மாத்திரை எழுதுகிறார். ஒரு ஐட்டம், அதே இரண்டு பவுண்டு, சராசரியும் இரண்டு பவுண்டு. அதே நோயாளி, அதே மாத்திரை, அதே பணம். உங்கள் அட்டவணையில் மட்டும் இரண்டாமவர் ‘இரு மடங்கு செலவாளி’.

இது புரிந்த பிறகும் சிலர் விடமாட்டார்கள். “எங்கள் சர்ஜரியில் எல்லோரும் 28 நாள்தான், எனவே சராசரியை ஒப்பிடலாம்” என்பார்கள். சரி, இன்னொரு கணக்கு. ஒரு டாக்டர் 100 ஐட்டம் எழுதுகிறார், செலவு 600 பவுண்டு, சராசரி 6 பவுண்டு. அடுத்த மாதம் அதே 100 ஐட்டத்தோடு, கடையில் தாங்களே வாங்கிக்கொள்ளக்கூடிய ஐம்பது பேருக்குப் பாரசிட்டமாலும் எழுதிக் கொடுக்கிறார், ஒன்று ஒரு பவுண்டு. இப்போது 150 ஐட்டம், 650 பவுண்டு, சராசரி 4.33 பவுண்டு. செலவு 50 பவுண்டு ஏறியிருக்கிறது. சராசரியோ இறங்கி, அவர் பெயர் பச்சையாகிவிட்டது. தேவையில்லாத மலிவு மருந்தை நிறைய எழுதினால் நல்ல பெயர் வாங்கித் தரும் அளவுகோல் அது. தேவையில்லாத மருந்தை நிறுத்தியவர் பெயர் சிவப்பாகும். இதைவிடத் தலைகீழான ஓர் அளவுகோலை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

மேலே வரும் எண்ணைவிடக் கீழே வகுக்கும் எண் முக்கியம். சர்ஜரிகளுக்கு இடையே ஒப்பிடுவதானால் பட்டியலில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சர்ஜரியையும் இரண்டு முதியோர் இல்லங்களைப் பார்த்துக்கொள்ளும் சர்ஜரியையும் தலைக்கணக்கில் ஒப்பிட்டால் அநியாயம். அதற்குத்தான் எடையிட்ட அலகுகள். பழைய, எளிய அலகு பியு (பிரிஸ்கிரைபிங் யூனிட்): 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர் 3, மற்றவர் 1. வயது, பாலினம் எல்லாம் சேர்த்த அஸ்ட்ரோ-பியு மொத்தச் செலவுக்கு. குறிப்பிட்ட மருந்து வகைக்கு ஸ்டார்-பியு; ஆன்டிபயாடிக் கணக்கை அதில்தான் பார்க்க வேண்டும். அஸ்ட்ரோ-பியுவை எடுத்து ஆன்டிபயாடிக்கை வகுப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒரே வகைக்குள் அளவை ஒப்பிட, ஒரு மருந்தின் வழக்கமான ஒரு நாள் அளவை வைத்துக் கணக்கிடும் ஏடிக்யூ அல்லது உலக சுகாதார நிறுவனத்தின் டிடிடி இருக்கிறது. ஐட்டத்தைவிட இவை எவ்வளவோ மேல்.

அடுத்து எந்தச் ‘செலவு’ என்ற கேள்வி. பார்மசிகள் கொடுத்த மருந்துகளின் என்எச்எஸ் தரவுத்தளமான இபேக்ட்2இல் இரண்டு உண்டு. என்ஐசி (நெட் இன்கிரீடியன்ட் காஸ்ட்) என்பது டிரக் டாரிஃப்பிலோ (என்எச்எஸ் மருந்துக்குத் தரும் விலைகளின் அதிகாரபூர்வப் பட்டியல்) தயாரிப்பாளரின் விலைப்பட்டியலிலோ உள்ள அடிப்படை விலை. வாட் சேராது, தள்ளுபடி கழியாது. ஆக்சுவல் காஸ்ட் என்பது அதிலிருந்து நாடு முழுமைக்குமான சராசரித் தள்ளுபடியைக் கழித்து, கொள்கலன் போன்ற சில சிறு தொகைகளைச் சேர்த்தது. சர்ஜரிகளை ஒப்பிட என்ஐசி, பட்ஜெட்டோடு பொருத்திப் பார்க்க ஆக்சுவல் காஸ்ட். பார்மசிக்குப் போகும் டிஸ்பென்சிங் கட்டணம் இரண்டிலும் இல்லை. நோயாளி கட்டும் மருந்துச்சீட்டுக் கட்டணமும் இரண்டிலும் கழிக்கப்படவில்லை. ஒரு ஸ்லைடில் என்ஐசியும் அடுத்த ஸ்லைடில் ஆக்சுவல் காஸ்ட்டும் போட்டு ‘சேமிப்பு’ காட்டாதீர்கள்.

சேமிப்பு என்றதும் நினைவுக்கு வருவது விலையும் அளவும். போன ஆண்டு முதல் காலாண்டில் ஒரு மருந்து 1,000 பாக்கெட், ஒன்று 2 பவுண்டு, மொத்தம் 2,000. இந்த ஆண்டு 1,100 பாக்கெட், ஒன்று 1.20 பவுண்டு, மொத்தம் 1,320. ‘680 பவுண்டு சேமித்தோம்’ என்று குழுவுக்குக் கேக் வெட்டுவார்கள். பிரித்துப் பாருங்கள்: பழைய விலையில் கூடுதல் 100 பாக்கெட்டுக்கு 200 பவுண்டு ஏறியிருக்கிறது, விலை இறங்கியதால் 880 பவுண்டு குறைந்திருக்கிறது. எழுதுவது கூடியிருக்கிறது, சேமித்தது டாரிஃப். டாரிஃப்பில் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத) மருந்துகளுக்கான ஒரு பிரிவான கேட்டகரி எம்மின் விலைகள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுக்கு ஒரு முறை மாறும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஏபிக்சபான் 2022இல் ஜெனரிக்காக வந்தது போன்ற நிகழ்வுகள் உங்கள் வரைபடத்தையே கவிழ்த்துவிடும். அதற்கு உங்கள் பார்மசிஸ்ட் காரணமல்ல. எதிர்த்திசையிலும் இப்படித்தான். 28 மாத்திரை கொண்ட லியோதைரோனின் (தைராய்டு மருந்து) பாக்கெட் 2009இல் சுமார் 20 பவுண்டாக இருந்து 2017இல் 248 பவுண்டுக்குப் போனது. அந்த ஆண்டுகளில் ‘செலவு ஏறிவிட்டது’ என்று தைராய்டு நோயாளியிடமா கோபப்பட முடியும்? தட்டுப்பாட்டில் ‘விலைச் சலுகை’ (பார்மசிக்கு டாரிஃப்பைவிடக் கூடுதல் விலை தரும் ஏற்பாடு) அறிவிக்கப்படும் மாதங்களிலும் திடீர் மேடுகள் வரும். 2017இல் மனநல மருந்துகளான ஒலான்சபைன், குவெட்டியாபைன் இரண்டுக்கும் அப்படி நடந்தது. ஆகவே செலவு நெடுவரிசைக்குப் பக்கத்தில் எப்போதும் மொத்த அளவையும் போடுங்கள். ‘குவான்டிட்டி’ அல்ல, ‘டோட்டல் குவான்டிட்டி’. முன்னது ஓர் ஐட்டத்துக்கு உள்ளது. அதைக் கூட்டினால் வருவது எதற்கும் உதவாத எண்.

அளவிலும் ஒரு கண்ணி. மாத்திரை எண்ணிக்கையில் வரும், திரவம் மில்லிலிட்டரில், களிம்பு கிராமில். இன்ஹேலர் மட்டும் எத்தனை டோஸ் இருந்தாலும் ‘1’. மாத்திரையையும் இன்ஹேலரையும் ஒரே நெடுவரிசையில் கூட்டிய அறிக்கைகளைப் பார்த்தால் கண்ணைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

இனி அறிக்கையை உருவாக்கும் வேலை. இபேக்ட்2இல் புதிய அனாலிசிஸ் திறக்கும்முன் ஒரு காகிதத்தில் கேள்வியை எழுதுங்கள். ‘மருந்துச் செலவு’ என்பது கேள்வி ஆகாது. ‘கடந்த 24 மாதங்களில் நம் சர்ஜரியில் ஓபியாய்டு வலிநிவாரணிகளின் அளவு, ஆயிரம் நோயாளிக்கு எப்படி மாறியிருக்கிறது?’ என்பது கேள்வி. அதிலிருந்தே நெடுவரிசைகள் தாமாக வந்துவிடும்: மாதம், சர்ஜரி, வேதிப்பொருள், ஐட்டம், மொத்த அளவு, என்ஐசி. வடிகட்டியில் சர்ஜரிக் குறியீடு, காலம், பிஎன்எஃப் (பிரிட்டனின் மருந்துக் கையேடு) எண். முதலில் வேதிப்பொருள் மட்டத்தில் ஓடவிடுங்கள். பெரிய தொகை எங்கே இருக்கிறதோ அதை மட்டும் பிரசன்டேஷன் (எந்த வடிவம், எத்தனை மில்லிகிராம்) மட்டத்துக்கு இறக்குங்கள். எடுத்த எடுப்பில் பிரசன்டேஷன், பிரிஸ்கிரைபர், மாதம் மூன்றையும் சேர்த்து இழுத்தால் ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும், யாரும் படிக்கமாட்டார்கள். வினவலைச் சேமித்து வையுங்கள். அடுத்த மாதம் அதையே ஓட்டினால்தான் ஒப்பிட முடியும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டினால் வடிகட்டி எங்கோ நழுவியிருக்கும்.

பிஎன்எஃப் எண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிஎன்எஃப் புத்தகம் 2015இல் 70ஆம் பதிப்பில் தன் அமைப்பை மாற்றிக்கொண்டது. என்எச்எஸ் தரவு இன்னும் பழைய வரிசையில்தான் ஓடுகிறது: 2.12 கொழுப்பு, 4.7.2 ஓபியாய்டு, 5.1 ஆன்டிபயாடிக், 6.1 நீரிழிவு. புத்தகத்தைப் பார்த்து எண் போட்டால் தவறு. 18 முதல் 23 வரை புத்தகத்தில் இல்லாத அத்தியாயங்களும் உண்டு. 20 கட்டுத்துணிகள், 21 உபகரணங்கள், 22 சிறுநீர்க் கட்டுப்பாட்டுப் பொருட்கள், 23 ஸ்டோமா (வயிற்றில் செய்த கழிவுத் திறப்பு) பொருட்கள். இதில் பலர் விழுவது நீரிழிவில். 6.1ஐ எடுத்துவிட்டு ‘நீரிழிவுச் செலவு முழுக்க இதுதான்’ என்பார்கள். தோலில் ஒட்டிச் சர்க்கரை அளவைப் பார்க்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரும் இன்சுலின் பேனா ஊசிகளும் 21இல் இருக்கின்றன. விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் 6.1இல் இருக்கிறது. எல்லோரும் ஸ்ட்ரிப்பிலிருந்து சென்சாருக்கு மாறினால் உங்கள் 6.1 அறிக்கை ‘செலவு குறைந்தது’ என்று சொல்லும். உண்மையில் பணம் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறது. இலையுதிர்காலத்தில் சர்ஜரியே போடும் ஃப்ளூ ஊசிகள் 14ஆம் அத்தியாயத்தில் மேடு கட்டும். நோக்கம் அதுவல்ல என்றால் வடிகட்டிவிடுங்கள்.

எக்செலுக்கு ஏற்றும்போது இரண்டு விபத்துகள். ‘0212’ என்ற எண் முன் பூஜ்யத்தை இழந்து ‘212’ ஆகிவிடும், பிறகு எந்த அட்டவணையோடும் பொருந்தாது. இரண்டாவது இன்னும் மோசம்: எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்வரைதான் நினைவில் வைக்கும். மருந்துகளின் ஸ்னோமெட் குறியீடுகள் (என்எச்எஸ் கணினிகளில் ஒவ்வொரு மருந்துக்கும் உள்ள அடையாள எண்) பல 17 இலக்கம். கடைசி இரண்டும் சத்தமில்லாமல் பூஜ்யமாகி, இரண்டு வெவ்வேறு மருந்துகள் ஒன்றாகிவிடும். திறக்கும்போதே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று சொல்லி இறக்குமதி செய்யுங்கள். இரட்டைச் சொடுக்கில் சிஎஸ்வி கோப்பைத் திறக்கும் பழக்கத்தை விடுங்கள். தயவுசெய்து.

மருத்துவர்வாரி அறிக்கைக்கு வருவோம். பல சர்ஜரிகளில் ரிப்பீட் மருந்துகள் (தொடர்ந்து வாங்குபவை), நோயாளி எந்த ஜிபியின் பட்டியலில் இருக்கிறாரோ அவர் பெயரில்தான் போகும், பொத்தானை அழுத்துவது வேறு யாராக இருந்தாலும். லோக்கம் (தற்காலிக) டாக்டரும் பயிற்சி டாக்டரும் எழுதுவது பெரும்பாலும் ஏதோ ஒரு பார்ட்னர் கணக்கில் போய் உட்காரும். இதை வைத்துக்கொண்டு ஒருவரைக் கூட்டத்தில் நிற்க வைப்பது தவறு. குறியீடுகள் சரியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் அந்த நெடுவரிசையைத் திறக்கவே வேண்டாம்.

சர்ஜரியின் நோயாளிப் பதிவு மென்பொருளான எமிஸ் அல்லது சிஸ்டம்ஒன்னில் எடுத்த எண்ணிக்கை இபேக்ட்2 எண்ணிக்கையோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகவும் கூடாது. அங்கே இருப்பது எழுதியது, இங்கே இருப்பது பார்மசி கொடுத்துப் பணம் கேட்டது. வாங்காமல் விட்டவை இரண்டுக்கும் நடுவே இருக்கும். எந்த மருந்து என்று இபேக்ட்2இல் கண்டுபிடியுங்கள், எந்த நோயாளி என்று சர்ஜரியின் கணினியில் தேடுங்கள். தரவு வருவதற்கு மாதம் முடிந்து சுமார் ஆறு வாரம் ஆகும். மே மாதம் மருந்தை மாற்றிவிட்டு ஜூனில் ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று கேட்காதீர்கள். மே மாதத் தரவே ஜூலை நடுவில்தான் வரும். அதிலும் 56 நாள் மருந்து கையில் வைத்திருப்பவர் ஜூலையில்தான் புதியதை வாங்குவார். நான்கு மாதம் பொறுங்கள்.

எச்சரிக்கைகள் கொஞ்சம் கறாராகவே. ‘பிராண்டை ஜெனரிக்காக மாற்றினால் மிச்சம்’ என்ற பட்டியலை அப்படியே நடைமுறைப்படுத்தாதீர்கள். ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டல், பிரிமிடோன் ஆகிய வலிப்பு மருந்துகளை ஒரே தயாரிப்பில் தொடர வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ 2013இல் சொல்லியிருக்கிறது. லித்தியம், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றையும் பிராண்ட் பெயரிலேயே எழுதுங்கள். இந்த வரிகளை முதலிலேயே வடிகட்டி எடுத்துவிட்டால் யாரும் அவசரத்தில் தொடமாட்டார்கள். இன்ஹேலரை மாற்றுவதானால் நோயாளிக்குப் புதிய கருவியைப் பயன்படுத்திக் காட்டாமல் மாற்றாதீர்கள். ஒரே ஒரு நோயாளிக்கு மட்டும் போகும் விலையுயர்ந்த மருந்து அறிக்கையில் ஒரு வரியாக நிற்கும். அந்த ஊரில் அது யார் என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. சர்ஜரிக்கு வெளியே அனுப்பும் பிரதியிலிருந்து அந்த வரியை நீக்குங்கள். பணியாளர் அறைச் சுவரில் ஒட்டுவதும் வெளியே அனுப்புவதுதான்.

அறிக்கையின் அடியில் ஐந்து விவரம் கட்டாயம் இருக்கட்டும்: எந்த மாதம்வரை தரவு, இபேக்ட்2ஆ வேறா, என்ஐசியா ஆக்சுவல் காஸ்ட்டா, எதால் வகுத்தது, எதை வடிகட்டியது. இவை இல்லாத அட்டவணையை யாராவது திரையில் போட்டால், சிவப்பு நிறத்தைப் பற்றிப் பேசும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்.