பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது கரு நிற்குமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு ஏழு மாதம், இன்னும் பால் குடிக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறைகூட மாதவிலக்கு வரவில்லை. ஆனாலும் மறுபடி மாசமாக இருக்கிறார். பால் கொடுக்கிறவரை கரு நிற்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நம்பித்தான் இருந்தாராம். அது பொய்யா என்பது அவர் கேள்வி.

பொய் இல்லை. ஆனால் அது பலிப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றை வழியிலேயே விட்டுவிட்டு, பலனை மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம்.

கல்யாணமான பெண் எத்தனை பிள்ளை பெறுகிறாள், எப்போது பெறுகிறாள் என்பதைத் தீர்மானிப்பது எது? படிப்பு, திருமண வயது, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, வருமானம், மாமியார் பேச்சு, ஆண்பிள்ளை ஆசை என்று ஆய்வாளர்கள் அடுக்குவார்கள். எல்லாம் சரிதான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் லீவில் வரும் மாதம் எதுவோ, அதை ஒட்டித்தான் பல வீடுகளில் பிள்ளைகளின் வயது இடைவெளி அமைகிறது.

தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.8 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை, காப்பர்-டி, ஊசி, ஆணுறை எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். அதாவது, ‘போதும்’ என்ற முடிவை நம் பெண்கள் தெளிவாக எடுக்கிறார்கள். ‘இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்’ என்ற முடிவுக்குத்தான் கையில் எதுவும் இல்லை. முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள காலத்தைப் பெரும்பாலும் தாய்ப்பாலின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அந்தப் பொறுப்பைத் தாய்ப்பால் எப்படிச் சுமக்கிறது என்பது உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது, பள்ளியில் படித்திருப்போம். அங்கே ஒன்றிரண்டு ஆயிரம் நரம்புச் செல்கள், ஜிஎன்ஆர்ஹெச் என்ற சின்னஞ்சிறு ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளையில் உள்ள கோடிக்கணக்கான செல்களில் இந்தச் சில செல்கள் வேலை செய்யாவிட்டால் மனிதகுலத்துக்கு அடுத்த தலைமுறையே இல்லை. இவை மூளையில் பிறப்பதும் இல்லை. கரு வளரும்போது மூக்கின் பக்கம் தோன்றி, அங்கிருந்து மெல்ல மெல்ல மூளைக்குள் நகர்ந்து வருகின்றன. அந்தப் பயணம் தடைபட்டுப் பிறக்கும் சிலருக்கு வாசனை தெரியாது, பருவமும் தானாக வராது.

இந்த ஹார்மோன் பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய் எல்ஹெச் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கவைக்கும். அது சூலகத்தில் முட்டையை முதிரவைத்து வெளியேற்றும். இதுவரை பாடப்புத்தகம். பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது, ஜிஎன்ஆர்ஹெச் சுரக்கும் விதத்தை. அது ஒழுகிக்கொண்டே இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துடிப்பு, பிறகு மௌனம், பிறகு இன்னொரு துடிப்பு.

1978-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் நோபில் குழுவினர் இதைக் குரங்குகளில் சோதித்தார்கள். அவற்றின் சொந்த ஜிஎன்ஆர்ஹெச் சுரப்பை நிறுத்திவிட்டு, அதே ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினார்கள். மணிக்கு ஒருமுறை சில நிமிடம் ஏற்றியபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. இடைவிடாமல் ஏற்றியபோது எல்ஹெச் சரிந்துபோனது! மருந்து ஒன்றே. தொடர்ந்து கொடுத்தால் கதவு அடைக்கிறது, விட்டுவிட்டுக் கொடுத்தால் திறக்கிறது. பாம்பன் கடலில் இரவில் வருகிறவருக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். லைட்ஹவுஸை அவர் அடையாளம் காண்பது இத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று மின்னும் கணக்கை வைத்து. விடாமல் எரிந்தால் அதுவும் கரையில் எரியும் இன்னொரு விளக்கு, அவ்வளவுதான்.

சரி, பால் குடிக்கும் பிள்ளை இதில் எங்கே வருகிறது? பிள்ளை காம்பைச் சப்பும்போது எழும் நரம்புச் செய்தி தண்டுவடம் வழியாக ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. அங்கே துடிப்பைக் கிளப்பிவிடும் கிஸ்பெப்டின் செல்கள் அடங்குகின்றன. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினும் கூடச் சேர்ந்து அமுக்குகிறது. துடிப்புகள் தாறுமாறாகி, இடைவெளி நீண்டு, முட்டை முதிராமல் நின்றுவிடுகிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: மார்பில் எவ்வளவு பால் இருக்கிறது என்பது இங்கே பெரிய கணக்கில்லை. பிள்ளை எத்தனை முறை சப்புகிறது, இரவில் சப்புகிறதா என்பதே கணக்கு. கலஹாரிப் பாலைவனத்துக் குங் இனப் பெண்களை 1980 வாக்கில் ஆராய்ந்தவர்கள் ஆச்சரியப்பட்டுப்போனார்கள். அவர்களின் பிள்ளைகள் மணிக்குப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடம் மட்டும் குடித்தன. எந்தக் கருத்தடையும் இல்லாமலே அடுத்த பிள்ளை பிறக்க மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது.

1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் வகுத்த நிபந்தனைகள் மூன்று. பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 98 சதவீதப் பாதுகாப்பு. பகலில் நான்கு மணி நேரம், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது நடைமுறை விதி. வாசகியின் பிள்ளை ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது. கஞ்சி, இட்லி என்று ஆரம்பித்ததும் சப்புவது குறைகிறது, துடிப்பு திரும்புகிறது. பலருக்கு முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே முதல் முட்டை வெளியாகிவிடும். அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால், மாதவிலக்கையே பார்க்காமல் மாசமாவது இப்படித்தான்.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். விரலுக்கு விரல் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்து எடுக்கிறவர்கள். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்த் திரும்ப நான்கு மணி நேரம் போதாது. பால் கட்டி மார்பு கனத்தாலும், அங்கே சப்புவதற்குப் பிள்ளை இல்லை. பீய்ச்சி வைத்துவிட்டுப் போனால் பிள்ளையின் பசி தீரும், ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுசாகக் கிடைக்காது. சிலியில் வேலைக்குப் போன தாய்மாரிடம் நடத்திய ஆய்வில், பாலைப் பீய்ச்சிக் கொடுத்தும்கூட ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் பேர் கருவுற்றார்கள். சட்டம் 26 வார மகப்பேறு விடுப்பு தருவது சம்பளக்காரப் பெண்ணுக்கு. மீன் இனம் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்தி, நிவாரணமும் கொடுக்கிற அரசு, பச்சை உடம்போடு கடலில் இறங்குகிறவளுக்கும் ஆறு மாத வருமானத்துக்கு வழி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, கழுதைப்பால் புகட்டுவது, சீம்பாலைப் பீய்ச்சி வீணாக்குவது எல்லாம் இன்னும் நடக்கின்றன. தொற்று வரும் ஆபத்து ஒருபக்கம் இருக்க, வயிறு நிறைந்த பிள்ளை அத்தனை தடவை சப்பாது. ‘பால் கொடுத்தால் நிற்காது’ என்று சொல்லும் அதே வீட்டில்தான் அந்தப் பாதுகாப்பைச் சங்கால் ஊற்றிக் கெடுக்கிறார்கள்.

ஆராய்ச்சிப் பணமும் பெண் உடம்பைச் சுற்றியே போகிறது. காரக்பூர் ஐஐடியின் சுஜோய் குஹா உருவாக்கிய ஆண்களுக்கான கருத்தடை ஊசி, பல பத்தாண்டுகள் சோதனையிலேயே கிடந்தது. மூன்றாம் கட்டத்தில் 303 ஆண்களிடம் நல்ல பலன் தந்தும் இன்னும் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை. பணமும் அவசரமும் காட்டியிருந்தால் எப்போதோ வந்திருக்கும்.

வாசகிக்கு: வயிற்றில் பிள்ளை இருப்பதால் உங்கள் பால் கெட்டுவிடாது. மூத்தது சவலையாகிவிடாமல் தொடர்ந்து கொடுக்கலாம். முன்பு குறைப்பிரசவமோ இப்போது ரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மாவிடம் இந்த வாரமே பதிந்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்குங்கள், அண்மையில்தான் பிரசவித்த உடம்பு என்பதால் ரத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், பால் குறையாது. இல்லையென்றால் லக்னோ ஆய்வகம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத ‘சாயா’ மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. எது வேண்டும் என்பதைப் பிரசவ வலி வருவதற்கு முன்பே நீங்கள் முடிவுசெய்து, நர்சம்மாவிடம் அட்டையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.