மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு: எது நிற்கும், எது உதிரும்

மே மாதத்தில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களின் புலம்பல் மதிய வெயிலைப் பற்றி இருக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கும் மின்விசிறி அனலை அள்ளிக் கொட்டுகிறதே என்றுதான் இருக்கும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேல்பக்கம் வாங்கிய வெயில், அடிப்பக்கம் இறங்கிவர மூன்று நான்கு மணி நேரமாகிறது. சூடேறிய தளம் ஆறுவதற்குள் நள்ளிரவு ஆகிவிடும்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் விழுகிறது. பத்துக்குப் பத்து அறையின் கூரை 9.3 சதுர மீட்டர். ஆக, ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளைக் கூரைமேல் கவிழ்த்து வைத்த கணக்கு. கறுத்துப்போன சிமென்ட் தளம் இதில் 70 சதவீதத்தையாவது உள்ளே இழுத்துக்கொள்ளும். நன்றாக வெள்ளையடித்த தளமோ 20, 25 சதவீதத்தோடு நின்றுவிடும். போதாததற்கு, வாங்கிய கொஞ்ச வெப்பத்தையும் அது அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கே விட்டுவிடும். பளபளப்பான தகரமும் வெயிலைத் திருப்பத்தான் செய்கிறது. ஆனால் இப்படி வெப்பத்தை வெளிவிடும் திறன் அதற்கு மிகக் குறைவு. அதனால்தான் மதியத்தில் தகரத்தில் கை வைக்க முடிவதில்லை.

இதெல்லாம் தெரிந்து சுண்ணாம்பு அடித்தவர்களில் பலருக்கு இரண்டு வாரத்தில் காலெல்லாம் வெள்ளை மாவு. காரணம் அடித்த விதம்.

சூளையில் சுட்ட கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் பட்டதும் அது கொதித்து கால்சியம் ஹைட்ராக்சைடாக நீறும். தளத்தில் பூசியபின் அந்த நீறு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாக, மாறுகிறது. கரைத்து வைத்த சுண்ணாம்பின்மேல் மறுநாள் காலை மெல்லிய ஆடை ஒன்று மினுமினுக்குமே, விரல் பட்டதும் சில்லாக உடையுமே, அது இந்த மாற்றத்தின் முதல் படி. இது நடக்க ஈரம் வேண்டும். கரியமில வாயு முதலில் நீரில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு சேரும். பட்டப்பகலில், கொதிக்கும் காய்ந்த தளத்தில் பூசினால் தண்ணீர் சில நிமிடங்களில் பறந்துவிடும். மிஞ்சுவது கல்லாகாத வெறும் தூள்.

500 சதுர அடிக்குச் சுட்ட சுண்ணாம்பு 10 கிலோ, தண்ணீர் 50 லிட்டர் போதும். மூன்று பூச்சு வரும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஒரு கிலோ சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் வெப்பம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். அலுமினிய அண்டாவும் கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகக்கூடாது. கண்ணில் பட்டால் இமையை விலக்கிப் பிடித்துக் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் மூடி ஊறவிட்டுப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நீறாத கட்டி தளத்துக்குப் போனால் பிறகு அங்கே நீறி, பூச்சைப் பொரித்துத் தள்ளும்.

தளத்தில் பாசியும் கறுப்பும் போகும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட் ஊற்றுவது பரவலான பழக்கம், ஆனால் அது சிமென்டையே தின்கிறது. விரிசல்களை முன்னதாகவே அடைத்துவிடுங்கள். செங்கல் ஓடு பதித்த தளத்தில் சுண்ணாம்பு பிடிக்கும். வழுவழுப்பான டைல்ஸிலும் பழைய பெயின்ட்மேலும் நிற்காது.

மாலை நான்கரைக்குமேல், தளத்தை நனைத்து, தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருக்கும்போது பூசுங்கள். பதம் பாலைப் போல இருக்க வேண்டும், தயிரைப் போல அல்ல. புதியவர்கள் தவறுவது இங்கேதான். பூசியவுடன் அடியிலுள்ள சிமென்ட் அப்படியே தெரியும், ஒன்றுமே ஒட்டாதது போலிருக்கும். பயந்துபோய்க் கெட்டியாக அப்புவார்கள். காலையில் பார்த்தால் தானாகவே வெளுத்திருக்கும். அப்பிய இடம்தான் சுருங்கி வெடித்துச் செதில் செதிலாகக் கிளம்பும். சுண்ணாம்பு ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம்கூடக் கரையாது, மீதியெல்லாம் மிதக்கும் துகள். ஆகவே ஒவ்வொரு முறை பிரஷ்ஷை முக்கும்போதும் கலக்கிவிடுங்கள். அடுத்த பூச்சுக்கு ஒரு நாள் இடைவெளி. இடையில் காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள்.

என்ன சேர்ப்பது என்பதில் ஆளுக்கொரு வைத்தியம். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள குளோரைடு விரிசல் வழியே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். கான்கிரீட் தளத்தில் வேண்டாம். மரவேலைக்கான வெள்ளைப் பசை காரத்தில் சிதைந்து மழையில் கரையும். பசை போட்டே ஆக வேண்டுமென்றால் காரம் தாங்கும் அக்ரிலிக் பைண்டர் நல்லது. துணிக்குப் போடும் நீலம் கண்ணுக்கு வெள்ளையைக் கூட்டிக் காட்டும், வெயிலைத் திருப்புவதைக் குறைக்கும்.

பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ அடித்துவிட்டால் அக்னி நட்சத்திரத்துக்குள் பூச்சு இறுகிவிடும். மழைநீர் தொட்டிக்குப் போகும் குழாயை முதல் இரண்டு மழைக்குத் திருப்பி விடுங்கள், அந்தத் தண்ணீரில் காரம் இருக்கும். அறைக்குள் பத்து டிகிரி குறையும் என்பவர்கள் தளத்தின் மேல்பரப்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள். உள்ளே இரண்டு முதல் ஐந்து டிகிரி குறைந்தாலே நல்ல வேலை. மேற்குச் சுவர் வழியாக வரும் சூட்டை இது தொடாது.