பெயரை மறைத்தால் போதுமா?

காசநோய்க்கு ஆறு மாத மருந்தை முடித்துக் குணமடைந்த ஆச்சி ஒருவரிடம், அரசு நிதியில் நடக்கும் ஓர் ஆய்வுக்காகத் தம் அனுபவத்தைச் சொல்ல இயலுமா என்று கேட்டேன். காரைக்குடியில் நெஞ்சக நோய் மருத்துவனாக இருக்கும் நான் இதை யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைப்பது மௌனம்தான். ஆச்சி மறுகேள்வி கேட்டார்: "பேரைப் போடமாட்டீங்க, சரி. ஊரையும் கோயிலையும் போட்டா எந்த விலாசம்னு தெரிஞ்சுபோகுமே, டாக்டர்?"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: செட்டிநாட்டில் விலாசம் என்பது தெருப்பெயரும் கதவு எண்ணும் அன்று, தலைமுறைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் குறிக்கும் அடையாளம். எந்த ஊர், நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஒன்பது கோயில்களில் எது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், மீதியைக் கல்யாண வீட்டுப் பந்தி முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரை எடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைக்கும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பெருநகரத்துக்காரர்கள்.

1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுத்த ஊர் இது. பொது ஆராய்ச்சிக்குக் கொடுப்பது இங்கே புதிதன்று. ஆனால் நிலம் கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டலாம். நோயின் கதையைக் கொடுத்தவரின் பெயரோ வெளியே வரவே கூடாது.

அப்படியானால் ஏன் சொல்ல வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் அன்றைய சென்னை மாநில அரசும் சேர்ந்து 1956-இல் சென்னையில் தொடங்கிய மையத்தில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் காசநோயாளிகளைத் தனியே தங்கவைக்கும் மருத்துவமனையான சானடோரியத்திலும் மற்றவர்கள் நெரிசல் மிகுந்த தங்கள் வீடுகளிலும் மருந்து உட்கொண்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 1959-இல் தெரியவந்தது. அதனால் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் பரவுவதில்லை என்பது அடுத்து வந்த முடிவுகளில் தெரிந்தது. காசநோய்க்காரரை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் உலகெங்கும் தளர்ந்ததற்குப் பெயர் தெரியாத அந்தச் சென்னைவாசிகள் காரணம். அவர்கள் கொடுத்தது உடலும் காலமும். இன்று நாங்கள் கேட்பது அவற்றோடு சேர்ந்த அனுபவத்தையும். ஒரு கதை எதையும் நிரூபிப்பதில்லை. அடுத்து எதை அளந்து பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவே.

ஆச்சி இரண்டாம் மாதத்தில் மருந்தை மூன்று வாரம் நிறுத்தியிருந்தார். இருமல் நின்றதும் நிறுத்தியிருப்பார் என்றே நான் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். உண்மை வேறு: வீட்டில் ஒரு சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அந்த நாட்களில் அரசு மருத்துவமனை வாசலில் தம்மை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவர் அஞ்சியிருக்கிறார். மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைக்கிறது. அச்சத்துக்கு மட்டும் அரசிடம் படிவம் இல்லை. ஆய்வுக் குழு தன் கேள்வித்தாளில் மருந்தை நிறுத்தியதற்கான காரணங்களில் இதையும் சேர்த்துக்கொண்டது.

பேச இசைகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சிகிச்சைக்கான சம்மதமும், ஆய்வுக்கான சம்மதமும், கதையை வெளியிடுவதற்கான சம்மதமும் தனித்தனியானவை. ஒன்றில் கையெழுத்திட்டால் மற்றவையும் தந்ததாக ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை குறையாது. ஆனால் அச்சேறிய பிறகு திரும்பப் பெறுவது நடைமுறையில் இயலாது என்பதை நான் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறேன், சிலர் அதைக் கேட்டு எழுந்து போனாலும்.

இங்கே எழுதியதிலும் அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். ஆச்சியின் அனுமதியும் உண்டு. ஆய்வுக்குத் தந்த பிரதியை அவருக்கு இருமுறை படித்துக் காட்டினேன். ஊர், கோயில், வளவு என்னும் குடும்ப வீடு, பர்மாவிலிருந்து திரும்பிய பாட்டனார் எல்லாம் போயின. வாரங்களும் செலவும் அச்சமும் நின்றன. மருமகள் தட்டைத் தனியாக வைத்த செய்தி வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். "அது அவ கதை. அவகிட்ட கேக்காம போடாதீக." அந்த வரியை அடித்துவிட்டோம்.