பரிணாமம், கூர்ப்பு, படிவளர்ச்சி: எந்தச் சொல், என்ன பொருள்?

ஆங்கிலத்தில் 'எவல்யூஷன்' எனப்படும் அறிவியல் கருத்துக்குத் தமிழ்நாட்டில் வேரூன்றிய சொல் பரிணாமம். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பாடத்தின் பெயரே 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்'. இலங்கைப் பாடநூல்களில் இதுவே கூர்ப்பு. தமிழ் விக்கிப்பீடியாவில் படிவளர்ச்சி. மலையாளத்திலும் பரிணாமம்தான் வழங்குகிறது. குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கம் இரு மொழியும் படிப்பவர்களுக்கு அது இரட்டிப்புப் பழக்கம். இந்தியில் மட்டும் 'பரிணாம்' என்றால் தேர்வு முடிவு போன்ற 'விளைவு'. உயிரியல் பொருளுக்கு அங்கே 'விகாஸ்'.

பரிமாணத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். பரிமாணம் அளவைக் குறிப்பது. முப்பரிமாணம் என்பது நீளம், அகலம், உயரம். 'நடிகரின் இன்னொரு பரிணாமம்' என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் பரிமாணத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

பரிணாமம் வடசொல். 'பரி' முன்னொட்டு, 'நம்' என்னும் வேருக்கு வளைதல், திரும்புதல் என்று பொருள். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் திரிவது பரிணாமம். உயிரியலுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது தத்துவச் சொல்லாகிவிட்டது. பால் தயிராவது பரிணாமம் என்கிறது சாங்கியம் என்னும் பழைய தத்துவப் பிரிவு. காரியம் முன்பே காரணத்துக்குள் ஒளிந்திருக்கிறது, பிறகு வெளிப்படுகிறது என்பது அவர்கள் வாதம். அத்வைத வேதாந்திகள் கயிற்றைப் பாம்பாகக் காணும் தோற்ற மயக்கத்தை 'விவர்த்தம்' என்று சொல்லி, உண்மையான மாற்றமாகிய பரிணாமத்திலிருந்து பிரித்தார்கள்.

இங்கேதான் சிக்கல். உள்ளே இருந்தது வெளியே வருவது என்ற அந்தப் பழைய பொருள் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ஐரோப்பியச் சொல்லுக்கும் இதே பழுது உண்டு. அதன் இலத்தீன் வேரான 'எவொல்வெரே' சுருளை விரிப்பதைக் குறிக்கும். 1744இல் ஹாலர் என்ற சுவிஸ் அறிஞர் அதை உயிரியலில் பயன்படுத்தியபோது, கருவுக்குள் முழு உயிரும் சிறு உருவில் ஏற்கெனவே இருந்து விரிகிறது என்ற பொருளில்தான் பயன்படுத்தினார். டார்வின் 1859இல் தம் நூலை வெளியிட்டபோது அந்தப் பெயர்ச்சொல்லை அதில் சேர்க்கவில்லை. முதல் பதிப்பின் கடைசிச் சொல்லாக அதன் வினை வடிவம் மட்டும் வருகிறது. அவர் விரும்பி எழுதியது 'மாற்றங்களோடு கூடிய வழித்தோன்றல்' என்ற தொடர். 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் 'எவல்யூஷன்' என்ற சொல்லே வந்தது.

அவர் சொன்னதைத் தோட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பூச்சிமருந்து தெளித்தும் பூச்சி சாகாவிட்டால் 'மருந்து கேக்கல, பூச்சி பழகிப்போச்சு' என்பார்கள். எந்தப் பூச்சியும் பழகுவதில்லை. 10,000 பூச்சிகளில் மருந்தைத் தாங்கும் மரபணு கொண்டவை 20 என்று வைத்துக்கொள்வோம். மருந்து மற்றவற்றில் நூற்றுக்கு 99ஐக் கொல்கிறது. மிஞ்சுவது சாதாரணப் பூச்சி ஏறக்குறைய 100, தாங்கும் பூச்சி 20. பெற்றோரைப் போலவே குஞ்சும் அமைந்து, அவை 12,000 ஆகப் பெருகினால் தாங்குபவை 2,000. அதே மருந்தை மீண்டும் அடித்தால் சாதாரணப் பூச்சி 100, தாங்குபவை 2,000. ஆயிரத்துக்கு இரண்டாக இருந்தது, இரண்டே தெளிப்பில் நூற்றுக்கு 95 ஆகிவிட்டது. மாறியது தனிப் பூச்சி அல்ல, கூட்டத்தின் விகிதம். மருந்துக் கடையில் நிறுவனப் பெயரை மட்டும் மாற்றி அதே வேதிப்பொருளை வாங்கினால் பலன் இல்லாததும் இதனால்தான். வேறு வகையில் வேலை செய்யும் வேதிப்பொருளுக்கு மாற வேண்டும்.

மாறுபாடும், அது பிள்ளைகளுக்குப் போவதும், பிழைப்பதில் வேற்றுமையும் சேர்ந்திருந்தால்தான் இது நடக்கும். மட்டி வாழையில் முதலாவதே அரிது. விதை இல்லாததால் கன்று பிரித்து நடுகிறோம். ஒரு தோட்டத்து மட்டி எல்லாம் தாயின் நகல். உடலின் உயிரணுக்களில் தற்செயலாக நேரும் திடீர் மாற்றத்தைத் தவிர புதுமைக்கு வழியில்லை. வாழை அதனால்தான் ஒரு புது நோய்க்குத் தோட்டத்தோடு விழுகிறது.

இப்போது படிவளர்ச்சி என்ற சொல்லைப் பாருங்கள். தமிழாக இருக்கிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் 'படி' ஏணியைக் காட்டுகிறது, 'வளர்ச்சி' மேலே போவதைக் காட்டுகிறது. நாடாப்புழு தன் குடலையே இழந்தது. பாம்புகள் காலை இழந்தன. மலைப்பாம்புக்கு அதன் மிச்சம் இரண்டு சிறு கொக்கிகளாக இன்னும் இருக்கிறது. இவற்றை எந்தப் படியில் வைப்பது? ஏணி மனத்தில் இருப்பதால்தான் 'குரங்கு ஏன் இன்னும் மனிதனாகவில்லை?' என்ற கேள்வி வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வடக்கே மலைக்காடுகளில் வாழும் கருமந்தி நமக்கு முன்னோர் அல்ல, தூரத்துப் பங்காளி. நம் மரபும் அதன் மரபும் பிரிந்து சுமார் 2.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

கூர்ப்பு தொல்காப்பியத்தில் உள்ள சொல். 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது உரியியல். உள்ளது மிகுவது என்பதே பொருள். சிறத்தல் என்பதில் ஏற்றத்தின் சாயல் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. என்றாலும் பேச்சில் வேறு பொருளுக்கு இன்று வழங்காத சொல் என்பதால் அறிவியல் கொடுக்கும் பொருளை அப்படியே ஏற்கும். கூர்ப்படைந்தது, கூர்ப்பு உயிரியல் என்று வளைந்தும் கொடுக்கிறது. எங்கள் தேர்வு கூர்ப்பு. பள்ளித் தேர்வு எழுதுபவர்கள் பரிணாமம் என்றே எழுதட்டும், பாடநூல் மாறும் வரை.

சமயத்தோடு வரும் சண்டையிலும் சமரசத்திலும் பாதி சொற்களால் வருவதுதான். இந்துவும் கிறிஸ்தவரும் ஏறக்குறையச் சரிபாதியாக, இஸ்லாமியரும் சேர்ந்து வாழும் குமரி மாவட்டத்தில் இதைக் கவனமாகப் பேச வேண்டும்.

முதலில் 'பரிணாமக் கொள்கை'. கொள்கை என்றால் கட்சிக்கும் சபைக்கும் இருப்பது, ஏற்கலாம், விடலாம். உடனே 'நீங்க அதை நம்புறீங்களா?' என்ற கேள்வி பிறக்கிறது. சான்றுகளை இணைத்து விளக்கி, சோதனைக்கு நிற்பது கோட்பாடு. சோதனைக்கு முந்தைய ஊகம் கருதுகோள். இந்த வேறுபாட்டை உரோமையும் கவனித்தது. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மனித உடல் எவ்வாறு தோன்றியது என்பதை ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே படைக்கிறார் என்றார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமக் கோட்பாடு கருதுகோளுக்கும் மேலானது என்று அறிவித்தார். கோட்டாறு மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர் பரிணாமம் படிப்பதற்குத் திருச்சபைத் தடை இல்லை என்பது இதனால் தெளிவு. ஆறு நாளை எழுத்துப்படி கொள்ளும் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றின் நிலை வேறு. இஸ்லாமிய அறிஞர்களிடையே இழுபறி பெரும்பாலும் ஆதம் நபியின் படைப்பைப் பற்றியது. மற்ற உயிர்களின் மாற்றத்தை ஏற்பவர்கள் பலர்.

அடுத்தது 'ஜாதி'. பழைய தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் உயிர்கள் 'ஜாதிஜாதியாக' உண்டாகின்றன. எபிரேய மூலச் சொல்லின் பொருள் 'வகை' என்ற அளவில்தான் நிற்கிறது. தமக்குள் இணைந்து வளமான குட்டி ஈனும் கூட்டத்தை உயிரியலார் சிற்றினம் என்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு 'வசனத்துக்கு எதிரானது' என்று சொல்வது அவசரம்.

'முன்பே எங்கள் நூலில் இருக்கிறது' என்பதும் அதே அளவு அவசரம். 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்ற சிவபுராண அடிகளை டார்வினுக்கு முன்னோடியாகக் காட்டுவார்கள். அதே அடுக்கில் பாம்புக்குப் பிறகு கல்லும், கல்லுக்குப் பிறகு மனிதரும் வருகின்றன. 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்று ஓர் உயிர் தன் பிறவிகளைச் சொல்லி அழுவது அது. கூர்ப்பில் பிறவி எடுக்கும் தனி உயிர் யாரும் இல்லை. தசாவதார வரிசையும், அய்யாவழியின் எட்டு யுகமும் அறத்தின் காலக்கணக்குகள். புதைபடிவ அடுக்குகளோடு பொருத்தினால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது.

'இயற்கைத் தேர்வு' என்பதிலும் ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதாக ஒரு சாயல் உண்டு. இயற்கைத் தேர்வைத் தனியே கண்டறிந்த வாலசு இதே குறையை 1866இல் டார்வினுக்குக் கடிதமாக எழுதினார். அதற்கு மாற்றாக வந்த 'சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்' என்ற ஆங்கிலத் தொடரை 'வல்லது வாழும்' என்று மொழிபெயர்ப்பது இன்னும் தவறு, ஏனெனில் அங்கே பேச்சு வலிமை பற்றியதே அல்ல. 'தக்கன பிழைக்கும்' என்பதே சரி. தக்கவை என்பது அந்த இடத்துக்கு, அந்தக் காலத்துக்கு, பூச்சியின் கணக்கில் அந்த மருந்துக்கு.