மைக்ரேன்: ஒற்றைத் தலையா, ஒற்றை வலியா?

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், ‘ஒற்றைத் தலைவலி காரணமாக’ என்று எழுதி ஒருநாள் விடுப்புக் கேட்டேன். “தலைவலிக்கெல்லாம் லீவாம்மா? ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கலாமே” என்றார் மேலாளர். அடுத்த மாதம் அதே வலி. இந்த முறை ‘மைக்ரேன்’ என்று எழுதினேன். “அடடா, உடம்பைப் பார்த்துக்கோங்க” என்று உடனே கையெழுத்துப் போட்டார். நோய் ஒன்று, ஆளும் ஒன்று, சொல்தான் வேறு. அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்கள் மீதும் எனக்கு ஒரு கண்.

மைக்ரேன் என்பது கேட்க ஏதோ பெரிய மருத்துவக் கலைச்சொல் மாதிரி இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. கிரேக்கத்தில் ‘ஹெமி’ என்றால் பாதி, ‘கிரானியோன்’ என்றால் மண்டையோடு. இரண்டும் சேர்ந்து ‘ஹெமிக்ரானியா’, அதாவது பாதி மண்டை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் காலென் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். லத்தீனுக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வருவதற்குள் தலைப்பக்கத்து ‘ஹெ’ உதிர்ந்து ‘மிக்ரேன்’ ஆகிவிட்டது. பாதி மண்டையைக் குறித்த சொல், தன் தலையையே பாதி தொலைத்துவிட்டது என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன். ஆங்கிலத்தில் இதற்கு ‘மெக்ரிம்’ என்று ஒரு பழைய வடிவமும் உண்டு. அது நாளடைவில் மனம்போன போக்கு, வீண் சஞ்சலம் என்ற பொருளுக்கு நழுவியது. நம்பப்படாத வலி என்பது என் மேலாளர் கண்டுபிடித்ததல்ல.

நம் பக்கத்திலும் இதே கணக்குதான். சுசுருத சங்கிதை தலைநோய்களைச் சொல்லும் இடத்தில் ‘அர்த்தாவபேதகம்’ வருகிறது. அர்த்தம் என்றால் பாதி, அவபேதகம் என்றால் பிளப்பது. இந்தியில் ஆதாசீசீ, கன்னடத்தில் அரெதலெநோவு. இரண்டிலும் அரைத் தலைதான். அரபியில் சொல்லும் ‘ஷகீகா’வும் பிளந்து இரண்டாக்குவது என்ற வேரிலிருந்து வந்தது. மலையாளிகள் மட்டும் இந்தப் பாதிக் கணக்கை விட்டுவிட்டு ‘சென்னிக்குத்து’ என்கிறார்கள். நம் இலக்கியத்தில் சென்னி முழுத் தலை, அவர்களுக்கோ நெற்றிப்பொட்டு. எங்கே, எப்படி என்ற இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஒற்றைத் தலைவலி’ என்று இடைவெளி விட்டு எழுதும்போது ‘ஒற்றை’ என்பது தலைவலிக்கு அடைமொழி போல் நிற்கிறது. அப்படியானால் இரட்டைத் தலைவலி எது? ஒற்றைத்தலை + வலி என்று பிரித்தாலும் இடிக்கிறது. இருப்பதே ஒரு தலை, அதில் ஒற்றை எது? ஒற்றைச் செருப்பு, ஒற்றைக் கம்மல் என்னும்போது ஜோடியில் ஒன்று என்று புரிகிறது. தலைக்கு ஏது ஜோடி? இங்கே ‘தலை’ என்ற சொல்லின் இன்னொரு பொருள் கைகொடுக்கிறது. தலை என்றால் முனை, பக்கம் என்றும் பொருள் உண்டு. இருதலைக் கொள்ளி என்பது இரண்டு முனையும் எரியும் கட்டை. ஒருதலைக் காதல், ஒருதலைப்பட்சம் எல்லாமே ஒரு பக்கத்தைத்தான் சொல்கின்றன. அந்தப் பொருளையும் மனதில் வைத்துக்கொண்டால் ஒற்றைத் தலைவலி, ஒருபக்கத்து வலி என்று தானாக விளங்கிவிடுகிறது. என் கட்சி, ‘ஒற்றைத்தலைவலி’ என்று சேர்த்து எழுதுவது. இடைவெளி விட்டால் பாதிப் பேர் கடைசி நான்கெழுத்தை மட்டும்தான் படிக்கிறார்கள்.

சிக்கலே அந்த நான்கெழுத்தில்தான். ‘தலைவலி’யை நாம் ரொம்பத் தேய்த்துவிட்டோம். வாடகை பாக்கியும் தலைவலி, பக்கத்து வீட்டு நாயும் தலைவலி. இலங்கைத் தமிழர்கள் தலையிடி என்பார்கள். அதில் இன்னும் வலி மிச்சம் இருக்கிறது. பேச்சில் நமக்கும் நல்ல சொற்கள் இல்லாமல் இல்லை. ‘பொட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்று பாட்டி சொன்னது, நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் வலி என்ற மருத்துவ விளக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அவர் அதற்கு வைத்த பெயர் பித்தத் தலைவலி. வாந்தி எடுத்தால் வலி கொஞ்சம் அடங்கும், ஆகவே பித்தம் என்பது அவர் கணக்கு. குமட்டல் வயிற்றுக் கோளாறால் வருவதல்ல, இந்த நோயின் ஒரு கூறு. ஆனாலும் குமட்டலை நோயோடு சேர்த்துப் பார்த்தார் பாருங்கள், அது கிரேக்கருடைய பெயரில் இல்லை.

பெயர் ஏமாற்றும் இடம் இதுதான். பாதி மண்டை என்று உலகமே சொன்னாலும் வலி ஒரு பக்கம் மட்டும் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பலருக்கு இரண்டு பக்கமும் வரும், குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாக. மருத்துவர்கள் பார்ப்பது வேறு: மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கிறதா, மாடிப்படி ஏறினால் கூடுகிறதா, குமட்டுகிறதா, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியவில்லையா. சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் வளைகோடுகள் மின்னும். அதன் பெயர் ‘ஆரா’, மூலத்தில் இளங்காற்று என்று பொருள். இதை ‘ஒளிவட்டம்’ என்று மொழிபெயர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு அந்த நேரத்திலேயே பொட்டு தெறிக்கும். அது சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது.

அப்புறம் ‘நாட்பட்ட’. ஆங்கிலத்தின் ‘க்ரானிக்’கிற்கு நாம் வைத்த சொல். க்ரோனோஸ் என்றால் கிரேக்கத்தில் காலம், ஆக மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் இந்த நோயில் அந்த அடைமொழிக்குத் தனிப்பொருள். எத்தனை வருடமாக இருக்கிறது என்பது கணக்கே இல்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அதில் குறைந்தது 8 நாளாவது மைக்ரேன் குணத்தோடு இருந்து, இப்படி 3 மாதத்துக்கு மேல் போனால்தான் நாட்பட்டது. மாதம் இரண்டு முறை என்று இருபது வருடம் வந்தாலும் அது விட்டுவிட்டு வரும் வகைதான். தீவிரம் என்றும் இதற்குப் பொருள் இல்லை. ‘நாள்மிகுந்த’ என்று சொன்னால் கருத்து நேராக விழும் என்று தோன்றுகிறது. ஆனால் ‘நாட்பட்ட’ ஊன்றிவிட்டது, பிடுங்க முடியாது.

எனக்கு முதன்முதலில் வந்தது கல்லூரி இரண்டாம் ஆண்டில். 22 வருடம் பட்டும் அது நாட்படவில்லை, போன வருடம்தான் பட்டது. சமையலறைக் காலண்டரில் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். குமட்டலோடு படுத்த நாளுக்கு ‘ஒ’, சாதாரணத் தலைவலிக்கு ‘த’, மாத்திரை போட்டால் ஓரத்தில் ‘மா’. நான்கு மாதத் தாளைக் கிழித்துக்கொண்டு போனேன். ஒரு மாதத்தில் 9 ‘ஒ’, 7 ‘த’. மற்ற மாதங்களும் ஏறக்குறைய அதேதான். அவர் அதைவிட உற்றுப் பார்த்தது ‘மா’வை. சாதாரண வலிமாத்திரையானால் மாதம் 15 நாள், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகையோ, பல மருந்து கலந்த கூட்டு மாத்திரையோ ஆனால் 10 நாள், அந்த அளவுக்குத் தொடர்ந்து சாப்பிட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை என்பார்களே, இங்கே தலைவலி போய் வந்ததும் தலைவலியே.

மாத்திரையைக் குறைத்து, தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்தாக ப்ரோப்ரனலால் எழுதிக் கொடுத்தார். “உங்களுக்கு பிரஷரா?” என்றார் மருந்துக்கடைக்காரர். ஆமாம், அது ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பதுதான். விளக்கிக்கொண்டு நிற்கத் தெம்பில்லை, கடை விளக்கு வேறு கண்ணைக் குத்தியது. “மைக்ரேன்” என்றேன். “ஓ, மைக்ரேனா” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.