அம்மணி பஸ்

பொங்கல் முடிந்து அப்பத்தாவைச் சென்னைக்கு அழைத்துப் போக மாட்டுத்தாவணியில் நின்றுகொண்டிருந்தேன். "ஆம்னி, ஆம்னி, சென்னை ஆம்னி" என்று ஒருவர் பக்கத்தில் வந்து கூவிவிட்டுப் போனார். அப்பத்தா என் கையை இடித்தார்.

"ஏண்டா, அது என்ன அம்மணி பஸ்ஸு? பொம்பளைக மட்டும் போறதா?"

"இல்ல அப்பத்தா, எல்லாரும் போகலாம்."

"அப்ப டிக்கெட்டு கேக்க மாட்டாகல்ல?"

2021இலிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மேலூர்ப் பக்கம் அதில்தான் அப்பத்தா போய் வருகிறார். பெண்கள் பஸ் என்றால் காசில்லா பஸ் என்பது அவருடைய கணக்கு. ஆம்னிக்காரர் கேட்ட தொகையைச் சொன்னதும் கீழே உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் போகலாம்" என்று நான் சும்மா சொன்ன பதில்தான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

லத்தீன் மொழியில் 'ஓம்னிஸ்' என்றால் எல்லாம், எல்லோரும். அதை நான்காம் வேற்றுமையில், பன்மையில் சொன்னால் 'ஓம்னிபுஸ்'. தமிழில் சொன்னால் 'எல்லோருக்கும்'. இதில் பொருள் தாங்குகிற பகுதி 'ஓம்ன்' மட்டும். மீதி 'இபுஸ்' வெறும் உருபு, நம்முடைய 'கு' செய்கிற வேலையைச் செய்வது.

இந்த லத்தீன் சொல்லை வண்டியில் ஏற்றியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1820களில் நாந்த் நகரத்தில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஊருக்கு வெளியே வெந்நீர்க் குளியலறைகள் நடத்தினார். வாடிக்கையாளர்கள் வந்து போக ஒரு குதிரை வண்டி விட்டார். ஏறியவர்களில் பலர் குளிக்க வரவில்லை, வழியிலேயே இறங்கிக்கொண்டார்கள். குளியலைவிட வண்டியில்தான் காசு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தில் ஓம்னேஸ் என்பவரின் தொப்பிக் கடை இருந்ததாகவும், பலகையில் தன் பெயரை வைத்து 'ஓம்னேஸ் ஓம்னிபுஸ்' என்று அவர் சிலேடையாக எழுதியிருந்ததாகவும் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது; சொற்பிறப்பு ஆராய்கிறவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். 1828இல் போத்ரி பாரிஸுக்குப் போனார். மறுவருடம் ஜூலை 4ஆம் தேதி ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனில் பேடிங்டனுக்கும் பேங்க் பகுதிக்கும் இடையே மூன்று குதிரை பூட்டிய வண்டியை ஓட்டினார். பக்கவாட்டில் 'ஆம்னிபஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

அந்தப் பெயர் மூன்று நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. 1832 வாக்கிலேயே லண்டன்வாசிகள் தலையை வெட்டிவிட்டு 'பஸ்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பொருள் இருந்த பக்கம் போய்விட்டது. மிஞ்சியது உருபுகூட முழுதாக இல்லை, உருபின் வால்.

இதே வேலையைத் தமிழில் செய்து பாருங்கள். 'எல்லோருக்கும்' என்று ஒரு வண்டிக்குப் பெயர் வைக்கிறோம். அவசரத்தில் சுருக்கி 'க்கும்' என்கிறோம். "மேலூர் க்கும் போயிருச்சா?" என்று கேட்டால், "க்கும்! இப்பத்தான் போச்சு" என்று பதில் வரும். இங்கே கேலியாகத் தெரிகிற இது ஆங்கிலத்தில் நிஜமாகவே நடந்தது. மாட்டுத்தாவணிக்கு பஸ் என்று நாம் சொல்லும்போது, பார்க்கப்போனால், 'கு' என்பதை இரண்டு மொழியில் இரண்டு முறை சொல்கிறோம்.

ஒரு சொல்லை இப்படி வெட்ட எது தூண்டுகிறது? அடிக்கடி வாயில் புழங்கும் சொற்கள் குட்டையாக இருக்கும், அரிதான சொற்கள் நீளமாக இருக்கும். இந்தப் போக்கை 1930களில் கணக்கெடுத்துக் காட்டியவர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிப்ஃப் என்ற அமெரிக்கர். தினமும் ஐம்பது தடவை சொல்கிற சொல்லுக்கு மூன்று அசை என்பது வாய்க்கு வீண் செலவு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுவார்கள். லேபரட்டரி 'லேப்' ஆனதும் எக்ஸாமினேஷன் 'எக்ஸாம்' ஆனதும் அப்படித்தான். வால் மட்டும் தப்பிப்பது குறைவு. டெலிபோனில் பிழைத்த 'போன்' ஒன்று, பஸ் ஒன்று. வெட்டுகிறவருக்கு வேர் எது உருபு எது என்ற கவலை கிடையாது. யாருக்கும் குழப்பம் வராமல் கையில் மிஞ்சுகிற துண்டு போதும்.

ஆட்டோ கதை இன்னும் வேடிக்கை. ஜப்பானிய மொழியில் 'ஜின்ரிகிஷா': ஜின் மனிதன், ரிகி விசை, ஷா வண்டி. மனிதன் இழுக்கிற வண்டி. ஆங்கிலக்காரர் மனிதனை வெட்டி 'ரிக்‌ஷா' ஆக்கினார். இன்ஜின் வைத்தபோது 'ஆட்டோ ரிக்‌ஷா'. நாம் வண்டியையும் வெட்டிவிட்டோம். மிஞ்சிய 'ஆட்டோ' கிரேக்கத்தில் வெறும் 'தானே' என்பதுதான். பெரியார் நிலையத்தில் ஷேர் ஆட்டோவில் நான்காவது ஆளாக நெருக்கி உட்காரும்போது, இது 'பங்குத் தானே' என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். வெட்டின வால் புது மண்ணில் வேர்விட்டது. 'பஸ்' என்றாலே வண்டிதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதால் டிராலிபஸ், மினிபஸ், வானத்தில் ஏர்பஸ் என்று அடுத்தடுத்துப் பிறந்தன. மின்சாரக்காரர்கள் பக்கம் இன்னொரு கிளை. பேனல் போர்டில் எல்லா இணைப்புகளுக்கும் பொதுவாக ஓடும் கனமான செம்பு அல்லது அலுமினியப் பட்டையை நம் எலக்ட்ரீஷியன்கள் 'பஸ் பார்' என்பார்கள். அது முதலில் 'ஆம்னிபஸ் பார்', எல்லோருக்குமான பட்டை. அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள் போய், பல பாகங்கள் பொதுவாகத் தகவல் அனுப்பும் பாதைக்குப் பெயரானது. போன் சார்ஜரில் இருக்கும் யுஎஸ்பியின் கடைசி எழுத்து அந்த பஸ்தான். ஆம்னி பஸ் இருக்கையோரம் யுஎஸ்பி துளை இருந்தால் பஸ்ஸுக்குள் ஒரு பஸ்.

தமிழுக்கு வந்தபோது இந்த வாலை நாம் எப்படி நடத்தினோம் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 'கல்' என்பதோடு 'இல்' சேர்ந்தால் கல்லில். 'தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்கிறது நன்னூல். பள்ளிக்கூடம் மிதிக்காத அப்பத்தாவும் 'பஸ்ஸில்' என்று ஒற்றை இரட்டித்துத்தான் சொல்கிறார். 'காரில்' என்னும்போது இரட்டுவதில்லை, ஏனென்றால் அங்கே நெடில். தமிழ்ச் சொல் ஸகர ஒற்றில் முடியாது என்பதால் கடைசியில் ஓர் உகரமும் சேர்ந்து 'பஸ்ஸு' ஆகிவிடுகிறது. நாந்த் நகரத்து லத்தீனுக்கு நன்னூல் சட்டை.

பேருந்து என்ற சொல்லும் நல்ல சொல்தான். பெரிய உந்து, பேருந்து. அதே அச்சில் மகிழுந்து, சரக்குந்து. மலைப்பாதையில் நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கித் தள்ளிய ஒரு நண்பர் மட்டும், பத்துப் 'பேர் உந்து'வதால் அது பேருந்து என்று இன்றும் சாதிக்கிறார்.

லண்டனில் வெட்டி எறிந்த தலை இருக்கிறதே, அது தமிழ்நாட்டில் உயிரோடு திரும்பி வந்தது. 'பஸ்' தனிச் சொல், 'ஆம்னி' தனிச் சொல், இரண்டையும் சேர்த்தால் தொலைதூரத் தனியார் சொகுசு பஸ். "ஆம்னியா, கவர்மென்ட் பஸ்ஸா?" என்று எதிர்ச்சொல் மாதிரி கேட்கிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலோ, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி செய்த மோட்டார் வண்டி எதுவும் 'ஆம்னிபஸ்'. அப்படிப் பார்த்தால் அப்பத்தாவின் காசில்லா டவுன் பஸ்ஸும் ஆம்னி. பண்டிகைக்குப் பண்டிகை கட்டணம் எகிறுகிற வண்டி மட்டும் 'எல்லோருக்கும்' என்ற பெயரைத் தனதாக்கிக்கொண்டது.

இதையெல்லாம் அன்று இரவு மேல் பெர்த்திலிருந்து அப்பத்தாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். விராலிமலை வருவதற்குள் தூங்கிவிட்டார். ஊர் திரும்பியவர் தெரு முழுக்க அம்மணி பஸ்ஸில் படுத்துக்கொண்டே போன கதையைச் சொல்லியிருக்கிறார். சித்திரைத் திருவிழாவுக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் கேட்டார்: "மாப்ள, அம்மணியில ரெண்டு சீட்டுப் போட்டுத் தாரியா?"