கரண்டிக் காம்பில் ஐந்து முத்திரைகள்

பழைய இங்கிலாந்து வெள்ளிக் கரண்டி ஒன்று என் மேசையில் இருக்கிறது. காம்பைத் திருப்பினால், பின்பக்கம் நுனியை ஒட்டி வரிசையாக ஐந்து முத்திரைகள். ஒவ்வொன்றும் மிளகளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்றில் நடந்து போகும் சிங்கம், அடுத்ததில் கிரீடம் வைத்த ஒரு மிருக முகம், பிறகு ஆங்கிலச் சின்ன எழுத்து ‘ஓ’, அப்புறம் பக்கவாட்டில் ஒரு மனிதத் தலை, கடைசியாகச் சுழித்து எழுதிய ‘ஹெச்.பி.’ இந்த ஐந்தையும் சேர்த்துப் படித்தால் கரண்டி எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் பட்டறையில் உருவானது என்று சொல்லிவிடலாம். ரசீது எதுவும் வேண்டாம்.

சிங்கத்திலிருந்து தொடங்குவோம். அது இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி என்று பொருள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது, கரண்டி செய்தால் வளைந்துவிடும். அணு அளவில் செம்பு வெள்ளியைவிடச் சிறியது. அது இடையில் புகுந்துகொண்டால் வெள்ளி அணுக்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்க முடியாது. உலோகம் உறுதியாகிவிடும். ஆனால் செம்பு மலிவு என்பதால் கூடுதலாகக் கலக்கத் தட்டான்களுக்கு ஆசை வரும். அதைத் தடுக்கத்தான் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1300-ல் சட்டம் போட்டார். சோதனையில் தேறிய பொருளுக்குச் சிறுத்தைத் தலை முத்திரை. பெயர்தான் சிறுத்தை, உண்மையில் அது நேராகப் பார்க்கும் சிங்க முகம். நடக்கும் சிங்கம் 1544-ல் வந்தது. எட்டாம் ஹென்றி நாணயங்களில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிக்கொண்டிருந்த அதே காலம்.

சோதனை எப்படி நடந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு பொருளிலிருந்தும் துளி வெள்ளியைச் சுரண்டி எடுத்து, எடை போட்டு, ஈயத்தோடு சேர்த்து எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து உருக்குவார்கள். சூட்டில் ஈயமும் செம்பும் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, கிண்ணத்துச் சாம்பலுக்குள் ஊறிப் போய்விடும். வெள்ளி மட்டும் பளபளவென்று ஒரு மணியாக நிற்கும். அதை மறுபடி எடை போட்டால் விடை வந்துவிடும். தேறாத பொருளை அங்கேயே உடைத்துவிடுவார்கள். லண்டனில் 1478 முதல் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்திலேயே இந்த வேலை நடந்தது. அந்த மண்டபத்தின் பெயர் கோல்ட்ஸ்மித்ஸ் ஹால். நம் நகைக்கடைகளில் சொல்லும் ‘ஹால்மார்க்’ என்ற சொல்லில் உள்ள ‘ஹால்’ இதுதான்.

அதே 1478-ல் ஆண்டெழுத்தும் வந்தது. ஆண்டுக்கு ஓர் எழுத்து. லண்டனில் ஒரு சுற்றுக்கு இருபது எழுத்துகள், சுற்று முடிந்தால் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி ‘ஏ’. சிக்கல் என்னவென்றால் வடிவங்களும் திரும்ப வரும். என் கரண்டியில் உள்ளது போன்ற சின்ன ‘ஓ’ 1749-லும் உண்டு, 1789-லும் உண்டு, 1829-லும் உண்டு. எழுத்தை மட்டும் நம்பி விலை பேசுகிறவர்கள் நாற்பது ஆண்டுகள் தவறிவிடுவது இங்கேதான். மற்ற முத்திரைகளைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். அந்த மனிதத் தலை மூன்றாம் ஜார்ஜ் மன்னருடையது. வரி கட்டியாயிற்று என்பதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரைதான் மன்னர் தலை குத்தினார்கள். ஆக 1749 போய்விட்டது. சிறுத்தையின் தலையில் கிரீடம் இருக்கிறது. லண்டன் 1821-ல் அந்தக் கிரீடத்தை எடுத்துவிட்டது. ஆக 1829-ம் போய்விட்டது. மிச்சம் 1789. அந்தக் காலத்தில் எழுத்து மே மாதத்தில் மாறும் என்பதால், 1790-ன் முதல் சில மாதங்களாகவும் இருக்கலாம். ‘ஹெச்.பி.’ என்பது ஹெஸ்டர் பேட்மன். கணவர் இறந்தபின் 1761-ல் தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்து, 1790 வரை பட்டறையை நடத்திய பெண்மணி. கணக்கு பொருந்துகிறது.

வரி என்றால் ஏய்ப்பும் இருக்குமே. 1720 முதல் 1758 வரை வெள்ளிக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தது. சிலர் சின்னப் பொருள் ஒன்றைச் செய்து, கொஞ்சமாக வரி கட்டி முத்திரை வாங்குவார்கள். அந்தத் துண்டை வெட்டி, பெரிய காபிக் குடுவையின் அடியில் பற்றாசு வைத்து ஒட்டிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க முத்திரையின் மேல் வாயால் ஊதினாலே போதும். மூச்சின் ஈரம் படிந்து பளபளப்பு மறையும் அந்த ஒரு நொடியில், நிறம் சற்றே மாறிய பற்றாசுக் கோடு முத்திரைகளைச் சுற்றித் தெரியும்.

சிறுத்தைத் தலை லண்டனுக்கு; மற்ற ஊர்களுக்கு வேறு சின்னங்கள். பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம் (1975 முதல் ரோஜா). இரண்டு ஊர்களுக்கும் 1773-ல்தான் சோதனைச்சாலை கிடைத்தது. சிங்கமே இல்லாமல் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்று இருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் பூசிய வெள்ளி முலாம். அதில் முத்திரை போலவே நாலு கட்டங்கள் போட்டிருப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, கறுத்துப்போன வெள்ளியை என்ன செய்வது? அந்தக் கறுப்பு அழுக்கல்ல, துருவுமல்ல. காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகப் படிகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், பிறகு பழுப்பு, தடித்தால் கறுப்பு. முட்டை, கம்பளி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. கரண்டிக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால், அது பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிடும். உப்பு இன்னும் மோசம். அதன் குளோரைடு வெள்ளியில் குழி விழவைக்கும், அந்தக் குழியை எந்த மெருகும் நிரப்பாது. பழைய உப்புக் கிண்ணங்களுக்குள் நீலக் கண்ணாடி உள்கிண்ணமோ தங்க முலாமோ இருப்பது அதனால்தான்.

நம் வீடுகளில் வெள்ளிக்கு விபூதி, இல்லாவிட்டால் பற்பசை. குத்துவிளக்கோ குங்குமச்சிமிழோ, அது உங்கள் விருப்பம். ஆனால் 1789 கரண்டியைப் பற்பசையிடம் கொடுக்காதீர்கள். தேய்க்கும் பொடி எதுவானாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளியையும் சேர்த்தே அரித்து எடுக்கிறது. இருநூறு ஆண்டுகள் ஆர்வமாகத் தேய்த்ததில் சிங்கம் வெறும் மேடாகத் தேய்ந்துபோன கரண்டிகளைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

அலுமினியத் தாள், ஆப்ப சோடா, வெந்நீர் என்று ஒரு வழி உண்டு. அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுக்க, சல்ஃபைடில் இருந்த வெள்ளி மறுபடி வெள்ளியாகிறது, கந்தகம் பிரிந்து போகிறது. அப்போது லேசாக அழுகிய முட்டை வாடை வரும். தினசரி கரண்டிகளுக்குச் சரி. ஆனால் கைப்பிடிக்குள் பிசின் நிரப்பிய கத்திகளையும், தங்க முலாம் பூசியவற்றையும், நுணுக்கமான வேலைப்பாடு உள்ளவற்றையும் அதில் போடக்கூடாது. பள்ளங்களின் நிழல் கறுப்பையும் அது வழித்துவிடும், மேற்பரப்பும் மங்கலாகிவிடும்.

என் கரண்டியை நான் பயன்படுத்துகிறேன். சாப்பிட்டதும் இளஞ்சூடான நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கையால் கழுவி, பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைப்பேன். பாத்திரம் கழுவும் இயந்திரம் பக்கம் அது போகவே போகாது. அடிக்கடி புழங்கும் வெள்ளி மெதுவாகத்தான் கறுக்கும். வருடத்தில் ஓரிரு முறை மெருகுத்துணி எடுக்கும்போதும் காம்பின் பின்பக்கம் கட்டைவிரலை வைத்து முத்திரைகளை மறைத்துக்கொள்வேன். அதனால் அந்தப் பள்ளங்களில் கறுப்பு அப்படியே தங்கியிருக்கிறது. சின்ன ‘ஓ’ லென்ஸ் இல்லாமலே தெரிவது அந்தக் கறுப்பால்தான்.